கப்பலே வராத துறைமுகத்துல கஸ்டம்ஸ்காரங்களுக்கு வருஷம் பூரா என்ன வேலை?

#1 தாழங்குடா தம்பி

எல்லாருக்கும் வணக்கம். எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். எழுதி கஸ்டம்ஸ்ல பிரிவென்டிவ் ஆபீசர் (கடத்தல் தடுப்பு அதிகாரி) போஸ்டுக்குத் தேர்வாகியிருக்கேன். எந்த ஊர்னு இன்னும் ஆர்டர் வரல. கடலூர் ஓ.டி. (பழைய நகரம்) பக்கம் போறப்பல்லாம் உப்பனாத்துல மீன் படகுதான் கண்ணுல படுது. பெரிய கப்பல்னு ஒண்ணையும் பார்த்த ஞாபகம் இல்ல. சென்னை, தூத்துக்குடி மாதிரி இடத்துல வேலை இருக்கும்னு புரியுது. இந்த மாதிரி சின்னத் துறைமுகத்துல போட்டா ஜனவரிலேர்ந்து டிசம்பர் வரைக்கும் என்னதான் செய்வாங்க? வீட்ல "வெள்ளை யூனிபார்ம் போட்டுக்கிட்டு கடலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பியா"ன்னு கேட்டுச் சிரிக்கிறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 நெல்லிக்குப்பம் சக்கரை

கடலைப் பார்க்குறதுக்குச் சம்பளமா? எனக்கும் ஒரு அப்ளிகேஷன் வாங்கிப் போடு தம்பி.

#3 பில் குமாஸ்தா

தம்பி, வாழ்த்துகள். நான் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர்கிட்ட, அதாவது இம்போர்ட்டருக்காக கஸ்டம்ஸ் காகித வேலையைப் பார்த்துக் குடுக்குறவர்கிட்ட, வேலை பார்க்குறவன். எங்களை இன்னும் எல்லாரும் பழைய பேர்ல சி.எச்.ஏ.ன்னுதான் (கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜென்ட்) கூப்பிடுவாங்க. கப்பல் வரலன்னு நீங்க சொல்றது பாதிதான் சரி. கடலூர் ஆங்கரேஜ் துறைமுகம். பெரிய கப்பல் ஆத்துக்குள்ள வரமுடியாது, வெளியில நங்கூரம் போட்டு நிக்கும். அதனால கரையிலேர்ந்து பார்த்தா புள்ளியாத்தான் தெரியும். சரக்கை பார்ஜ்ல (தட்டையான சரக்குப் படகு) இறக்கி உள்ளே கொண்டுவருவாங்க. மத்திய அரசோட சாகர்மாலா துறைமுகத் திட்டத்துல பர்த் (கப்பல் அணையுற மேடை) கட்டினது, ஆழப்படுத்தினது எல்லாம் பிற்பாடு. இன்னொண்ணு, சிப்காட் பி.வி.சி. ஆலைக்கு சித்திரப்பேட்டை கடல்ல தனி முனையம் இருக்கு. பி.வி.சி.க்கு மூலப்பொருளான வினைல் குளோரைடு கப்பல்ல வந்து குழாய் வழியா நேரா ஆலைக்குப் போயிடும். ஓ.டி. பாலத்துல நின்னா அது கண்ணுல படவே படாது. டியூட்டி மட்டும் அரசாங்கத்துக்குப் போய்ச் சேரும்.

#4 பழைய சூப்பிரண்டு

ரிட்டையர் ஆகி வீட்டில் இருக்கிறேன். காரைக்கால், நாகப்பட்டினம், கடலூர் எல்லாம் சுற்றியவன். தம்பி கேட்டது நல்ல கேள்வி. ஆனால் கேட்ட விதத்திலேயே ஒரு தப்பு இருக்கிறது. கப்பல் வந்தால் வேலை, போனால் ஓய்வு என்று நினைக்கிறீர்கள். கப்பல் போனபிறகுதான் எங்கள் வேலை ஆரம்பம்.

ஒரு உரக் கப்பல் வருகிறது என்று வையுங்கள். வருவதற்கு முன்பே ஏஜென்ட் ஐ.ஜி.எம். கொடுத்தாக வேண்டும். கப்பலில் என்னென்ன சரக்கு, எத்தனை டன், யாருக்கு என்கிற பட்டியல் அது. கப்பல் நங்கூரம் போட்டதும் லாஞ்சில் (சிறு மோட்டார் படகு) போய் ஏறுவோம். முதல் வேலை மது, சிகரெட் வைத்திருக்கிற ஸ்டோரைப் பூட்டி சீல் வைப்பது. மாலுமிகள் சொந்தமாக என்ன வைத்திருக்கிறார்கள் என்று எழுதி வாங்குவது. சந்தேகம் இருந்தால் எஞ்சின் அறையிலிருந்து சமையல் கட்டு வரை குடைந்து தேடுவோம். அதற்கு ரம்மேஜ் என்று பெயர்.

பிறகு டிராஃப்ட் சர்வே, அதாவது கப்பல் தண்ணீரில் அமிழ்ந்திருக்கும் ஆழத்தை வைத்துச் சரக்கை எடைபோடுவது. தூளாக வரும் சரக்கைத் தராசில் வைத்து நிறுக்க முடியுமா? கப்பலின் முன், நடு, பின், இரண்டு பக்கமும் ஆக ஆறு இடத்தில் கோடு போட்டிருக்கும். தண்ணீர் எந்தக் கோடு வரை நிற்கிறது என்று சிறு படகில் கப்பலைச் சுற்றி வந்து படிப்பார்கள். இறக்குவதற்கு முன் ஒரு தடவை, இறக்கியபின் ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் எண்ணெயும் பாலாஸ்ட் தண்ணீரும் (கப்பல் நிலையாக நிற்க ஏற்றும் தண்ணீர்) எவ்வளவு ஏறி இறங்கியது என்பதைச் சரிக்கட்டினால் சரக்கின் எடை கிடைக்கும். படிக்கிறவர் சர்வேயர். பக்கத்தில் நின்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிறவர் சுங்கத்துறைக்காரர். அலை அடிக்கும்போது ஒரு கோட்டை ஐந்து பேர் ஐந்து மாதிரி படிப்பார்கள்.

பார்ஜில் சரக்கு கரைக்கு வருகிறபோது அதோடு போட் நோட் என்று ஒரு காகிதம் வரும். கப்பலில் ஒருவர் எழுதிக் கொடுப்பார், கரையில் ஒருவர் வாங்கிச் சரிபார்ப்பார். காகிதம் இல்லாமல் சரக்கு தண்ணீர் மேல் நகரக்கூடாது என்பது சட்டம்.

சரி, எல்லாம் இறங்கியது. நாம் கையெழுத்துப் போட்ட போர்ட் கிளியரன்ஸ் இல்லாமல் கப்பல் கிளம்ப முடியாது. கொடுத்தோம், போய்விட்டது. அன்றைக்குத்தான் ஃபைல் திறக்கிறது. ஐ.ஜி.எம்.மில் சொன்ன டன் எவ்வளவு, இறங்கியது எவ்வளவு, டியூட்டி கட்டியது எவ்வளவு? ஒன்றோடொன்று ஒட்டாவிட்டால் கப்பல் ஏஜென்டுக்கு நோட்டீஸ். கணக்குக் காட்டாத சரக்குக்கு, அதன் டியூட்டியைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம் போட 1962 சுங்கச் சட்டத்தின் 116ஆம் பிரிவு இடம் தருகிறது. கடலில் கொட்டியது, ஈரம் காய்ந்தது, மூட்டை கிழிந்தது என்று பதில் வரும். நேர் விசாரணை, ஆர்டர், அப்பீல். ஐ.ஜி.எம். என்கிற மேனிஃபெஸ்டை இப்படிக் கணக்குத் தீர்ப்பதற்கு மேனிஃபெஸ்ட் குளோஷர் என்று பெயர். இரண்டு நாள் நின்ற கப்பலுக்கு இரண்டு வருஷம் ஃபைல் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். நான் மாற்றலாகிப் போய்த் திரும்பி வந்தபோதும் அதே ஃபைல் அதே அலமாரியில் என்னைப் பார்த்துச் சிரித்தது.

#5 சோனங்குப்பம் விசைப்படகு

ஐயா சொல்றதெல்லாம் சரிதான். எங்களை மட்டும் ஆளாளுக்கு நிறுத்திச் சோதனை பண்றாங்களே, அதுல யாரு கஸ்டம்ஸ், யாரு போலீஸ்னே தெரியல. ஒரு தடவை மீனு ஐஸ்ல கிடக்கு, மூணு மணி நேரம் நிறுத்தி வெச்சிட்டாங்க. எந்தத் துறைன்னு சொல்லமாட்டேன். கடைசியில ஒண்ணும் இல்ல போன்னுட்டாங்க. மீனு வெலை யார் தருவா?

#6 சுங்க அக்கா

அண்ணே, உங்க கோபம் நியாயம். நான் இப்ப சர்வீஸ்ல இருக்கேன், வேற ஊர்ல. கடல்ல உங்களை நிறுத்துறவங்க பல பேர். கோஸ்ட் கார்டு மத்திய பாதுகாப்பு அமைச்சகத்தோடது. கடலோரப் பாதுகாப்புக் குழுமம் தமிழ்நாடு போலீஸ். படகு லைசென்ஸ் மீன்வளத்துறை. நாங்க நிதி அமைச்சகம். கடத்தல் பொருள் இருக்குன்னு காரணம் இருந்தா சுங்கச் சட்டம் 106ல படகை நிறுத்திப் பார்க்க எங்களுக்கு அதிகாரம் உண்டு. துறைமுகக் கட்டணம் வாங்குறது மாநில அரசோட மாரிடைம் போர்டு, நாங்க இல்ல. புயல் கூண்டு ஏத்துறதும் துறைமுக ஆபீஸ்தான். அதையும் நாங்கதான் ஏத்துறோம்னு நினைச்சு போன் பண்ணிக் கேட்டவங்க உண்டு.

தம்பிக்கு ஒரு விஷயம். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கரையில 61 நாள் மீன்பிடித் தடை இல்லையா? அந்த நேரம் விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும். கடல்ல ஒரு படகு நகர்ந்தாலே தனியாத் தெரியும். பிரிவென்டிவ் வேலைக்கு அது நல்ல காலம். மத்த மாசத்துல ஆயிரம் படகுக்கு நடுவுல ஒண்ணைத் தேடணும்.

#7 சோனங்குப்பம் விசைப்படகு

அடுத்த தடவை எவனாவது நிறுத்தினா எந்த அமைச்சகம்னு கேக்குறேன் அக்கா.

#8 நெல்லிக்குப்பம் சக்கரை

கேளுங்கண்ணே. நாலாவது மணி நேரமும் நிப்பீங்க.

#9 குபேர் சாலை

புதுச்சேரிக்காரன் ஒருத்தன் பேசலாமா? எங்கள் கடற்கரைச் சாலையில் பழைய கஸ்டம்ஸ் கட்டடம் இன்னும் நிற்கிறது. இப்போது எல்லோரும் காபி குடிக்கப் போகிற கடலோரக் கபே ஒரு காலத்தில் துறைமுக அலுவலகம். பிரெஞ்சில் சுங்கத்துக்கு துவான் என்று பெயர். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியா கைக்கு வரும்வரை, வரி கட்ட வேண்டிய எல்லை எங்களுக்குக் கடலில் மட்டும் இல்லை, வயல் வரப்பிலும் இருந்தது. புதுச்சேரி ஒரே துண்டாக இல்லாமல் தென்னாற்காடு ஜில்லாவுக்குள் சிதறிக் கிடந்ததால், வில்லியனூர் போக நினைத்தவன் எத்தனை தடவை எல்லை தாண்டினானோ! 1941இல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சிந்தியாவும் சுங்க ஒன்றியம் போட்டு ஒரே வரி என்றார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1949இல் அது முறிந்தது. அப்புறம் சுற்றிலும் செக்போஸ்ட். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்தா பென்ஷன், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன், வாங்கியவர். புடவைக்குள் கைக்கடிகாரம் வைத்து எல்லை தாண்டிய கதைகளை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதில் எத்தனை நிஜம், எத்தனை ஒயின் பேசியது என்று எனக்குத் தெரியாது.

#10 நெல்லிக்குப்பம் சக்கரை

அந்தக் கபேல ஒரு காபிக்கு வாங்குற காசைப் பார்த்தா துவான் இன்னும் அங்கதான் வேலை செய்யுதுன்னு நினைக்கிறேன்.

#11 தாழங்குடா தம்பி

பழைய சூப்பிரண்டு ஐயா, சுங்க அக்கா, ரொம்ப நன்றி. பட்ஜெட் அன்னைக்கு ராத்திரி கஸ்டம்ஸ்ல யாரும் தூங்கமாட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னாரே, அது நிஜமா? டியூட்டி எவ்வளவுன்னு எப்படித்தான் கணக்குப் போடுறாங்க?

#12 பில் குமாஸ்தா

கணக்கை நான் சொல்றேன், அது என் சோறு. ஒரு லட்ச ரூபாய் மதிப்புள்ள சரக்கு, அடிப்படை சுங்க வரி 7.5 சதவீதம்னு ஒரு உதாரணத்துக்கு வெச்சுக்கோங்க. 7,500 ரூபாய். அந்த 7,500க்கு மேல 10 சதவீதம் சமூக நல சர்சார்ஜ், 750. மூணையும் கூட்டினா 1,08,250. அதுக்கு மேல ஐ.ஜி.எஸ்.டி. (இம்போர்ட்டுக்கான ஜி.எஸ்.டி.) 18 சதவீதம், 19,485. மொத்தம் கட்டவேண்டியது 27,735. டாலரை ரூபாயா மாத்துறதுக்கும் பேங்க் ரேட் கிடையாது. கஸ்டம்ஸுக்குன்னு தனி ரேட் மாசத்துக்கு ரெண்டு தடவை அறிவிப்பாங்க. அந்த வியாழக்கிழமை சாயந்திரம் எங்க ஆபீஸ்ல கிரிக்கெட் ஸ்கோர் பார்க்குற மாதிரி பார்ப்போம். இம்போர்ட் சரக்கோட விவரம் சொல்லி கஸ்டம்ஸ்ல குடுக்குற பத்திரம்தான் பில் ஆஃப் என்ட்ரி. அந்த பில்லை லேட்டா போட்டா முதல் மூணு நாளுக்கு நாளொண்ணுக்கு 5,000, அதுக்கு மேல நாளொண்ணுக்கு 10,000. முதலாளி திட்டுறது அதுல சேராது.

#13 பழைய சூப்பிரண்டு

பட்ஜெட் ராத்திரி பற்றிக் கேட்டீர்கள். இப்போது பிப்ரவரி 1. 2017க்கு முன்பு பிப்ரவரி கடைசி நாள். 1999க்கு முன்பு வரை பட்ஜெட் உரையே சாயந்திரம் 5 மணிக்குத்தான். வரி மாற்றம் பெரும்பாலும் அன்று நள்ளிரவிலிருந்து அமலுக்கு வந்துவிடும். ஆக ரேடியோவில் உரை தொடங்கியதிலிருந்து நள்ளிரவு வரை ஏழு மணி நேரம். அந்த ஏழு மணி நேரத்தில் எத்தனை பேருக்கு ரத்தக் கொதிப்பு வந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

எந்தத் தேதியின் வரி பொருந்தும் என்பதைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறது. பில் ஆஃப் என்ட்ரி போட்ட தேதி ஒன்று, கப்பலுக்கு என்ட்ரி இன்வர்ட்ஸ் (சரக்கு இறக்க நாங்கள் தரும் அனுமதி) கொடுத்த தேதி ஒன்று. இரண்டில் எது பிந்தியதோ அது. பில்லை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிற ஏஜென்ட், நள்ளிரவுக்கு முன் என்ட்ரி இன்வர்ட்ஸ் வாங்கிவிட்டால் பழைய வரி. ஒரு நிமிஷம் தாண்டினால் புதிய வரி.

எந்தத் துறைமுகம் என்று கேட்காதீர்கள். ஒரு வருஷம் கப்பல் மாலையில் வெளியே நங்கூரம் போட்டது. ஏஜென்ட் என் மேஜைக்கு எதிரில் ஐந்து மணியிலிருந்து நிற்கிறார். ரேடியோ கரகரக்கிறது. அவர் சரக்குக்கு வரி ஏறிவிட்டது என்று அவருடைய ஆள் எங்கிருந்தோ டிரங்க் கால் போட்டுச் சொல்லிவிட்டான். "சார், இப்பவே வந்து கப்பல்ல ஏறுங்க, கோடி புண்ணியம்" என்கிறார். லாஞ்ச் எடுத்தோம். பாதி வழியில் எஞ்சின் நின்றுவிட்டது. நிலா வெளிச்சத்தில் கப்பல் விளக்கு எதிரே தெரிகிறது, நாங்கள் ஆடிக்கொண்டு நிற்கிறோம். மெக்கானிக் கையை விட்டுத் துழாவுகிறான். ஏஜென்ட் வெங்கடாசலபதியை விட்டுவிட்டு வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கொள்ள ஆரம்பித்தார். கப்பலில் ஏறும்போது மணி ஒன்றரை. புதிய தேதிதான் போட முடிந்தது. அவர் அழாத குறை.

மறுநாள் மதியம் நோட்டிஃபிகேஷன் கைக்கு வந்தது. அவர் சரக்குக்கு வரி குறைந்திருக்கிறது. கேட்டவன் தலைகீழாகக் கேட்டிருக்கிறான். ராத்திரி பன்னிரண்டுக்குள் நான் ஏறியிருந்தால் மனுஷன் நஷ்டப்பட்டிருப்பார். சாயந்திரம் ஒரு கிலோ அல்வாவோடு வந்தார். "இதை அந்த மெக்கானிக்குக் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

#14 சுங்க அக்கா

சார், கதை அருமை. ஆனா தம்பி இதைப் படிச்சிட்டு லாஞ்ச்ல ஏறி ஓடவேண்டியிருக்கும்னு நினைச்சிடப் போறான். இப்ப பில், மேனிஃபெஸ்ட், என்ட்ரி இன்வர்ட்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர்ல. 2021லேர்ந்து கப்பல் வர்றதுக்கு முந்தின நாள் முடியுறதுக்குள்ள பில் போட்டாகணும்ங்கிறது பொது விதி. எந்தச் சரக்கைத் திறந்து பார்க்கணும்னு ரிஸ்க் மேனேஜ்மென்ட் சிஸ்டம் சொல்லும். 2020லேர்ந்து முகமறியா மதிப்பீடு வந்தாச்சு. கடலூர்ல இறங்குற சரக்கோட பில்லை வேற ஏதோ ஊர்ல உக்காந்திருக்குற ஆபீசர் பார்ப்பாங்க. அவங்க யாருன்னு இம்போர்ட்டருக்குத் தெரியாது.

#15 பழைய சூப்பிரண்டு

அதில்தான் எனக்கு மனத்தாங்கல், அம்மா. உரம் எப்படி இருக்கும், ஈரமானால் எப்படிக் கட்டிபிடிக்கும் என்று உப்பனாற்றங்கரையில் நின்று பார்த்தவனுக்குத் தெரியும். எங்கேயோ ஏ.சி. அறையில் இருப்பவருக்குத் திரையில் ஒரு எண்தான் தெரியும்.

#16 சுங்க அக்கா

சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரே ஆபீசர், ஒரே ஏஜென்ட், ஒரே டீக்கடைன்னு இருந்த காலத்துல அல்வாவோட நின்னது உங்ககிட்ட. எல்லார்கிட்டயும் நின்னுதான்னு சொல்லுங்க பார்ப்போம்.

#17 பழைய சூப்பிரண்டு

நின்றதில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

#18 பில் குமாஸ்தா

இதுல நான் வாயே திறக்கமாட்டேன். நாளைக்கும் பில் போடணும்.

மார்ச்சைப் பத்தி யாரும் சொல்லலையே? பிப்ரவரி ஒரு ராத்திரி, மார்ச் முழு மாசம். வருமான இலக்கு எட்டலைன்னா போன் மேல போன். பாண்டட் கிடங்குல டியூட்டி கட்டாம வெச்சிருக்கிற சரக்கை எப்ப எடுக்கப்போறீங்கன்னு கேப்பாங்க. பழைய பாக்கியைத் தூசி தட்டுவாங்க. சின்னத் துறைமுகத்துல இதுல ஒரு வேடிக்கை. வருஷத்துக்கு விரல் விட்டு எண்ணுற கப்பல்தான் வருது, அதுல ஒண்ணு மார்ச் 30க்கு வரவேண்டியது ஏப்ரல் 2க்கு வந்தா அந்த வருஷ வருமானமே தலைகீழ். யாரும் தப்பு பண்ணல, காத்து அடிச்சது, அவ்வளவுதான். இலக்கு போடுறவங்களுக்கு அது புரியாது. ஏ.இ.ஓ. (கஸ்டம்ஸ் நம்பிக்கையானவங்கன்னு அங்கீகரிச்ச) அந்தஸ்து உள்ள பெரிய கம்பெனிங்க சரக்கை எடுத்துட்டு வரியை அப்புறமா சேர்த்துக் கட்டலாம். மத்த மாசக் கடைசியில எடுத்ததுக்கான வரியை அடுத்த மாசம் 1ஆம் தேதி கட்டினாப் போதும். மார்ச்சுக்கு மட்டும் 31ஆம் தேதியே கட்டியாகணும். கணக்கு வருஷம் நழுவக்கூடாதுல்ல.

#19 தாழங்குடா தம்பி

அப்ப மழைக்காலத்துல?

#20 பழைய சூப்பிரண்டு

ஜூலை, ஆகஸ்டில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாற்றலாகி வந்தவர்கள் தங்கள் சீட் வேலையைத் தெரிந்துகொள்வார்கள், ஆடிட்காரர்கள் வருவார்கள், பழைய பில்லைக் கேட்பார்கள். அக்டோபர் பிறந்தால் ஆங்கரேஜ் துறைமுகத்துக்குச் சோதனைக் காலம். வடகிழக்குப் பருவமழையில் பார்ஜ் வேலை எப்போது நிற்கும் என்று தெரியாது. கடலூர், புதுச்சேரித் துறைமுகங்களில் கூண்டு ஏறுவதைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். எண் ஏற ஏற வெளியே நிற்கும் கப்பலை நங்கூரம் தூக்கச் சொல்வார்கள். பாதி சரக்கு இறங்கிய நிலையில் கப்பல் ஆழ்கடலுக்குப் போய் நாலு நாள் கழித்துத் திரும்பும். போகும்போது எவ்வளவு இருந்தது, வரும்போது எவ்வளவு இருந்தது? இடைக்கால சர்வே எடுக்க நேரம் இருந்திருக்காது. முன்னால் சொன்ன மேனிஃபெஸ்ட் ஃபைல் தடிமனாவது இங்கேதான்.

ஓய்வான நாள் என்று நினைத்தால் தேதிகள் விடாது. ஒரு பொருளைக் கைப்பற்றினால் ஆறு மாதத்துக்குள் விளக்கம் கேட்டு ஷோகாஸ் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். காரணம் எழுதி இன்னொரு ஆறு மாதம் நீட்டலாம். அதற்குள் கொடுக்காவிட்டால் பொருளைத் திருப்பித் தரவேண்டும். முப்பது நாள் ஆகியும் யாரும் எடுக்காத சரக்கை நோட்டீஸ் கொடுத்து ஏலம் விடலாம். கெட்டுப்போகிற பொருளை அதற்கு முன்பே விற்கலாம். கப்பல் இல்லாத மாதத்திலும் காலண்டரைக் கிழிக்கும்போது பக்கென்று இருக்கும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது. கூரை ஓடு போனது, தண்ணீர் இறங்கியது. மறுநாளிலிருந்து நனைந்த ஃபைல்களைக் கயிறு கட்டி மொட்டை மாடியில் காயப்போட்டோம். சுற்றிலும் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடக்கிறது, மின்சாரம் இல்லை, நாங்கள் பில் ஆஃப் என்ட்ரியை அப்பளம் மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு நோட்டீஸின் கெடு அந்த வாரம் முடிந்தது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் கையால் எழுதி அனுப்பினோம்.

#21 குபேர் சாலை

இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று தேவனாம்பட்டினம் போய் வந்தேன். 1690இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் அங்கே இருக்கும் செயின்ட் டேவிட் கோட்டையை விலைக்கு வாங்கியபோது பீரங்கியைச் சுட்டுக் குண்டு விழுந்த தூரம் வரை தன் எல்லை என்று கணக்கு வைத்தான். குண்டு கிராமங்கள் என்று பெயர். 1746இல் எங்கள் ஆட்கள் சென்னையைப் பிடித்ததும், 1752 வரை சோழமண்டலக் கரையில் இங்கிலீஷ்காரனுக்குத் தலைநகரம் இந்தக் கடலூர்தான். தம்பிக்கு இங்கே போஸ்டிங் கிடைத்தால் சின்ன ஊர் என்று நினைக்க வேண்டாம்.

#22 நெல்லிக்குப்பம் சக்கரை

"எங்கள் ஆட்கள்" என்றால்? பிரெஞ்சு கவர்னர் டூப்ளே உங்க பெரியப்பாவா?

#23 சுங்க அக்கா

தம்பி, இன்னொண்ணும் சொல்லிடுறேன். ஜனவரி 26 குடியரசு தினம் மட்டும் இல்ல, சர்வதேச சுங்க தினமும். 1953ல அதே தேதியில பிரஸ்ஸல்ஸ்ல சுங்க ஒத்துழைப்பு மன்றம் முதல் தடவை கூடிச்சு. அதனால உங்களுக்கு அந்த லீவு எப்பவும் கிடைக்கும்னு கனவு காணாதீங்க. கொடியேத்தம் முடிஞ்சு நேரா விழாவுக்கு நாற்காலி போடணும், புதுசா சேர்ந்தவங்கதான் போடுவாங்க.

#24 தாழங்குடா தம்பி

எல்லாருக்கும் நன்றி. நாற்காலி போடுறது பரவாயில்ல அக்கா, கோயில் திருவிழாவுல போட்டுப் பழக்கம். எனக்கு உள்ளுக்குள்ள இருக்கிற பயம் வேற. கடற்கரை ஊர்ல பொறந்தும் எனக்குச் சரியா நீச்சல் வராது. வெளியே நிக்கிற கப்பல்ல கயித்து ஏணியிலதான் ஏறணுமாமே?

#25 சோனங்குப்பம் விசைப்படகு

தாழங்குடாவுல பொறந்துட்டு இப்படிச் சொல்லலாமா தம்பி? சோனங்குப்பத்துக்கு வா, ஒரு மாசத்துல கத்துக் குடுக்குறேன். தடைக்காலத்துல வந்தா நானும் சும்மாதான் இருப்பேன்.

#26 பழைய சூப்பிரண்டு

போய்க் கற்றுக்கொள்ளுங்கள். ஏணிக்கு மூன்று விஷயம். லாஞ்ச் அலையின் உச்சிக்கு வரும்போது ஏணியைப் பிடிக்க வேண்டும், தாழும்போது இல்லை. தோல் ஷூ வேண்டாம், ரப்பர் அடி. ஃபைல் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறாதீர்கள். மேலே இருப்பவர்கள் கயிறு விடுவார்கள், அதில் கட்டி அனுப்புங்கள். சீல் வைக்கிற கட்டையை மட்டும் சட்டைப் பையில் வைத்துப் பொத்தான் போட்டுக்கொள்ளுங்கள். நான் ஒன்றைக் கடலூர் கடலில் போட்டவன். அதற்கு நான் எழுதிய விளக்கம் இரண்டு பக்கம்.